பக்குவாரே நதியும் ஜனங்களின் தீர்ப்பும்

1949-ஆம் வருஷத்து அரசியல் சட்டத்தால் நிரந்தர ராணுவமே வேண்டாமென்று தள்ளிய தேசம் மத்திய அமெரிக்காவிலுள்ள கோஸ்ட்டா ரிக்கா. அங்கே காடு சூழ்ந்த பக்குவாரே நதியின் சுழல்களில் ரப்பர்த் தெப்பமேறிப் பாய்வதற்கென்றே அந்நிய தேசத்தார் பணம் செலவழித்து வருகின்றனர். அந்நதியில் அணைகட்டி மின்சாரமெடுக்கத் திட்டம் எழுந்தது. 2005-இல் துரியால்பா ஜனங்கள் வாக்களித்து அதனை நிராகரித்தார்கள். 25 வருஷத்துக்கு அணை கூடாதென்று சர்க்கார் உத்தரவிட்டதோ 2015-இல்தான். பத்து வருஷத் தாமதம்! (இதையும் வேகமென்று சொல்லும் சர்க்கார்கள் உண்டு.)

மின்சாரம் வேண்டாமென்பது நமது கட்சியன்று. ஆனால் தெப்பத்தில் வழிகாட்டும் உள்ளூர் வாலிபனுக்கு அந்நதியே ஜீவனம். நாளைக்குத் தெப்பத் தொழிலனைத்தும் அந்நிய முதலாளிகள் கைக்குப் போய்விடுமானால், நதி ஓடியும் ஊராருக்குப் பிரயோஜனமென்ன? உத்தரவின் கெடு 2040-இல் தீர்கிறது. அன்றும் துரியால்பா ஜனங்களைக் கேட்டே தீர்மானிக்க வேண்டுமென்கிறோம்.