எலும்பாராய்ச்சியும் ஏழை மாணாக்கரும்

எலும்பென்பது உயிரற்ற கட்டை, உடலென்னும் வீட்டைத் தாங்கும் உத்தரம் என்றே நம்மவரிற் பலர் எண்ணியிருக்கின்றனர். அஃது உண்மையன்று. எலும்பினுள் பழைய பாகத்தை அரித்தெடுக்கும் உயிரணுக்கள் ஒருபுறமும், புதிய பாகத்தைக் கட்டியெழுப்பும் உயிரணுக்கள் மற்றொருபுறமும் இடைவிடாது வேலை செய்து வருகின்றன. வயது வந்தவரின் எலும்புக்கூட்டில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 100க்கு 10 பங்கு இவ்வாறு புதுப்பிக்கப்படுகின்றது. அரிப்பு மிகுந்து கட்டுமானம் குறைந்தால் எலும்பு மெலிகின்றது. வாசற்படியில் இடறி விழுந்த மூதாட்டி, இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் வீழ்கின்றாள்.

இவற்றை ஆராயும் சாலைகளில், பட்டம் பெறுமுன்னரே மாணாக்கரைச் சில வாரங்கள் சேர்த்துக்கொண்டு பயிற்சியளிப்பது நல்ல வழக்கம். அமெரிக்காவில் மாஸாசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கலாசாலை 1969ஆம் ஆண்டிலேயே பட்டப்படிப்பு மாணாக்கர் ஆராய்ச்சியில் ஈடுபடுவதற்கென்று ஒரு திட்டம் ஏற்படுத்தியது. நம் தேசத்திலும் ஸயன்ஸ் அகாடமிகள் மூன்றும் ஒன்றுகூடிக் கோடைகால ஆராய்ச்சிப் பயிற்சிக்கு உபகாரச் சம்பளம் வழங்கி வந்திருக்கின்றன. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையோ, ஆராய்ச்சியுடன் கூடிய நான்காண்டுப் பட்டப்படிப்பைப் பற்றிப் பேசுகின்றது. இவையெல்லாம் வரவேற்கத்தக்கனவே. ஆயினும் நாம் கேட்பது ஒன்றுண்டு: இந்த வாசல் யாருக்குத் திறந்திருக்கின்றது?

உபகாரச் சம்பளம் கிடைப்பவர் சிலரே. மற்றையோர் சம்பளமின்றி உழைக்க வேண்டும். நகரத்தில் தங்குமிடத்திற்கும் உணவிற்கும் தாமே பொருள் தேட வேண்டும். பயிற்சி என்ற பெயரால் மாணாக்கரிடமே கட்டணம் வாங்கிக்கொண்டு, கண்ணாடிக் குழாய்களைக் கழுவச் செய்து, நற்சாட்சிப் பத்திரம் எழுதிக் கொடுத்தனுப்பும் இடங்களும் உண்டு. ஆகவே, தகப்பனார் நகரத்தில் உத்தியோகஸ்தராயிருக்கும் பிள்ளைக்கு வாசல் திறக்கின்றது. சிற்றூர்க் காலேஜில் பயிலும் குடியானவர் மகளுக்கு அது மூடியே கிடக்கின்றது. அறிவைச் சோதித்துத் தள்ளுவது ஒருவகை. பணப்பையைச் சோதித்துத் தள்ளுவதை எங்ஙனம் நியாயமென்பது?

இப்பயிற்சியின் பயன் அற்பமானதன்று. எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்தை மெல்ல நீக்கி, மயிரிழையினும் மெல்லிய துண்டுகளாக அறுத்து, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்து அணுக்களை ஒவ்வொன்றாய் எண்ணுகின்ற மாணாக்கன், புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்தது எத்தனை பேருடைய எத்தனை நாள் உழைப்பு என்று உணர்கின்றான். கண்ணாடித் தட்டில் வளரும் உயிரணுக்கள் சுண்ணாம்பைச் சேர்க்கத் தொடங்கியதும், அலிஸரின் என்னும் சாயம் அவற்றைச் சிவப்பாக்கிக் காட்டுகின்றது. சோழமண்டலக் கரையில் நம் சாயக்காரர் சாயவேரிலிருந்து எடுத்துத் துணிக்கேற்றிய சிவப்பும் இந்த அலிஸரினே. முன்னோர் கைத்தொழிலில் கண்ட பொருளை இன்று ஆராய்ச்சிச் சாலையில் கையாளும் உரிமை, அவர்தம் பேரப்பிள்ளைகளுக்கு இல்லாமற் போகலாமா?

'பிராயம் முதிராத பிள்ளைகள் என்ன கண்டுபிடித்துவிடப் போகின்றனர்?' என்று சிலர் நகைக்கக்கூடும். கணையத்திலுள்ள அணுத்தீவுகளை 1869இல் முதன்முதல் விவரித்த லாங்கர்ஹான்ஸ், அப்போது பெர்லினில் வைத்திய மாணாக்கராயிருந்தார். இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளொன்றை 1916இல் வெளியிட்டு, ஹெப்பாரின் என்னும் மருந்துக்கு வழிவகுத்த மக்லீனும் மாணாக்கராயிருந்தபோதே அதைக் கண்டார். எல்லோரும் இவர்களைப் போலாவர் என்று நாம் சொல்லவில்லை. ஒருவரையும் உள்ளே விடாவிட்டால் ஒருவரும் ஆகார் என்றே சொல்லுகின்றோம்.

எலும்பாராய்ச்சி நமக்கு அந்நியமானதுமன்று. குடிநீரில் மிகுந்த ப்ளோரைடு உப்பினால் எலும்பு இறுகி முதுகு வளையாமற் போகும் நோயை, அந்நாளைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த நெல்லூர் ஜில்லாவில் கண்டு 1937இல் வெளியிட்டனர். தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களிலும் அத்துன்பம் இருந்தமையாலன்றோ, ஹொகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டு 2013இல் தொடங்கி வைக்கப்பெற்றது! எலும்பின் நார்ப்பொருளாகிய கொல்லாஜன் மூன்றிழை முறுக்காய் அமைந்திருப்பதைச் சென்னைச் சர்வகலாசாலையில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆராய்ந்து 1954இல் உலகுக்கு அறிவித்தனர். நோயும் இங்கேயுண்டு, அதை ஆராயும் மதியும் இங்கேயுண்டு. இரண்டையும் ஒருங்கு சேர்ப்பதே நாம் செய்ய வேண்டுவது. பாட்டியின் வளையாத முதுகைக் கண்டு வளர்ந்த பெண், அந்நோயைப் பற்றிக் கேட்கும் கேள்வி, மற்றெவருக்கும் எளிதில் தோன்றாததன்றோ?

ஆதலின் நாம் வற்புறுத்துவன இவை. பொதுப்பணத்தால் நடைபெறும் ஒவ்வோர் ஆராய்ச்சிச் சாலையும் ஆண்டுதோறும் சில இடங்களைச் சிற்றூர்க் காலேஜ் மாணாக்கருக்கென ஒதுக்குக. உணவுக்கும் உறையுளுக்கும் போதுமான உபகாரச் சம்பளத்தை மாதம் தவறாமல் கொடுக்க. கட்டணம் வாங்கிப் பத்திரம் விற்கும் வழக்கத்தைச் சர்க்கார் விலக்குக. பயிலவரும் பிள்ளைக்குச் சிறியதாயினும் தனக்கென ஒரு கேள்வியைக் கொடுத்து, அதன் விடையைத் தானே தேடச் செய்க. விடை பிழைத்தாலும் குற்றமில்லை.

இதற்கு வேண்டுவது பெருஞ்செலவன்று, மனமே. தொகுதிதோறும் பாலமும் சாலையும் கேட்டு மனுக்கொடுக்கும் தொண்டர்கள், இதையும் தம் மனுவில் ஒரு வரியாகச் சேர்த்து, சட்டசபை அங்கத்தினரை விடாது கேட்பாராக. சுயராஜ்யம் வந்து முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. பிறர் கண்டதைப் படித்துப் பரீட்சை கொடுக்கும் ஜனங்களாகவே நாம் இருந்துவிடலாகாது. உடலுக்கு எலும்பு எப்படியோ, தேசத்துக்கு அதன் இளைஞர் அப்படி. ஓயாமல் புதுப்பிக்கப்பட்டாலன்றி இரண்டும் நிலைத்து நில்லா.