குறும்பு செய்ய யாருக்கு உரிமை?

ஹால் ரோச் தயாரித்த ‘அவர் கேங்’ படங்களைப் பற்றிப் பேச்சை எடுத்தால் போதும், நம்முடைய உலக சினிமா ரசிகர்கள் உருகிப் போகிறார்கள். ‘நம்ம கூட்டாளிங்க’ என்று தமிழில் சொல்லலாம். 1922லேயே வெள்ளைக் குழந்தையும் கறுப்புக் குழந்தையும் ஒரே தெருவில் ஒன்றாகத் திரிந்தார்கள், பிள்ளைகளுக்கு ஏது நிறம், ஏது சாதி என்று கேட்டு முடிக்கிறார்கள். அவர்கள் அப்படி முடிக்கிற இடத்தில்தான் நாங்கள் தொடங்க வேண்டியிருக்கிறது. அந்தப் படங்களில் குறும்பு செய்கிறவர் யார், குறும்புக்கு ஆளாகிறவர் யார் என்று இவர்களில் ஒருவராவது உட்கார்ந்து பார்த்ததுண்டா?

முதலில் படங்களைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். கலிஃபோர்னியாவின் கல்வர் சிட்டியில் ரோச்சின் ஸ்டூடியோ இருந்தது. அலங்காரம் செய்து, சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கும் ஒரு குழந்தை நட்சத்திரத்தைப் பார்த்துச் சலித்துப்போய் ஜன்னல் பக்கம் திரும்பினாராம். எதிர் மரவாடியில் சில பிள்ளைகள் மரக்குச்சிக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்களாம். கால் மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இதையே படமாக எடுத்தால் என்ன என்று தோன்றியதாம். ரோச் பலமுறை சொன்ன கதை இது. 1922 செப்டம்பரில் முதல் படம் வெளிவந்தது. ராபர்ட் மெக்கோவன் பலவற்றை இயக்கினார். 1929 வரை ஊமைப்படம், பிறகு பேசும்படம் என்று 1944 வரை ஓடி, 200க்கும் மேற்பட்ட குறும்படங்கள் வந்தன. பழைய பெட்டி, உடைந்த சக்கரம், தகர டப்பா இவற்றை வைத்தே பிள்ளைகள் தீயணைப்பு வண்டி செய்வார்கள், சர்க்கஸ் நடத்துவார்கள், பணக்கார வீட்டுப் பையனின் மூக்கை உடைப்பார்கள். ஏழைப் பிள்ளைகளின் பக்கம் நின்று பணக்காரனைக் கிண்டல் செய்த படங்கள் என்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. நாங்களும் சிரித்திருக்கிறோம்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்வோம். தென் மாநிலங்களில் பள்ளிக்கூடம் தனி, குடிநீர்க் குழாய் தனி, தியேட்டரில் இருக்கை தனி என்று சட்டமே இருந்த காலம் அது. பள்ளிகளில் பிரித்து வைப்பது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது 1954இல். அதற்கு 30 ஆண்டுகளுக்கு முன்பே ரோச் ஸ்டூடியோவில் இரண்டு நிறப் பிள்ளைகளும் ஒரே டீச்சரிடம் படித்தார்கள். இது சின்ன விஷயமல்ல. ஆனால் பக்கத்தில் உட்கார வைப்பது வேறு, சமமாக வைப்பது வேறு. சமபந்தி விருந்துகளைப் பார்த்தே வளர்ந்த எங்களுக்கு இந்த வித்தியாசத்தை யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

பெயரிலிருந்தே பார்ப்போம். மிக்கி டேனியல்ஸ் படத்திலும் மிக்கி. மேரி கார்ன்மன் மேரி. ஜாக்கி காண்டன் ஜாக்கி. ஜோ காப் ஜோ. பெற்றோர் வைத்த பெயரோடு வெள்ளைப் பிள்ளைகள் திரைக்கு வந்தார்கள். ஆலன் ஹாஸ்கின்ஸ் என்ற கறுப்புக் குழந்தைக்கு வைத்த பெயர் ‘ஃபரினா’. காலையில் கஞ்சி காய்ச்சுகிற கோதுமை ரவை. அவன் தங்கை ஜானி ‘மாம்பழம்’. யூஜின் ஜாக்சன் ‘அன்னாசிப்பழம்’. பேசும்படக் காலத்தில் வந்த வில்லியம் தாமஸ் ‘பக்வீட்’, அதுவும் ஒரு தானியம். பின்னாளில் ஒரு வெள்ளைப் பையனுக்குக்கூட ‘அல்ஃபால்ஃபா’ என்று குதிரைமசால் பெயர் வைத்தார்களே என்று யாராவது கிளம்பலாம். வைத்தார்கள். அவனைச் சுற்றி இருபது மிக்கிகளும் மேரிகளும் இருந்தார்கள். ஃபரினாவைச் சுற்றி இருந்ததோ பழக்கூடை மட்டும்தான். எங்கள் பாட்டன்மார் நல்ல பெயர் வைத்துக்கொள்ளக்கூட ஊர்த்தெரு விடாத கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பெயரைப் பிடுங்குவது விளையாட்டல்ல என்று எங்களுக்குத் தெரியும்.

எர்னி மாரிசனின் கதை இன்னும் உறுத்தலானது. ‘சன்ஷைன் சாமி’ என்ற பெயரில் ஹெரால்ட் லாயிட் முதலியவர்களோடு நடித்துப் பேர் வாங்கியவன். 1919லேயே ரோச் அவனோடு நீண்டகால ஒப்பந்தம் போட்டுவிட்டார். 1921இல் அவனை நாயகனாக்கி ஒரு குறும்படம் எடுத்தார்கள். அதன் தலைப்பு ‘தி பிக்கனினி’. கறுப்புக் குழந்தைகளை இழிவாகச் சொல்லும் வசைச்சொல் அது. கதாநாயகனாக்கியபோதே வசையைத் தலைப்பாக்கினார்கள். அவன் பெயரில் தொடர் எதுவும் வரவில்லை. அடுத்த ஆண்டு வெள்ளைப் பிள்ளைகள் வந்து சேர்ந்ததும், எல்லோரையும்விட அனுபவம் உள்ள நடிகன் கூட்டத்தில் ஒருவன் ஆனான். 1924இல் மேடை நிகழ்ச்சிகளுக்குப் போய்விட்டான்.

பிறகு வந்ததெல்லாம் ஃபரினாவின் காலம். 1922இல் இரண்டு வயதுகூட நிறையாமல் வந்த குழந்தை, 1931 வரை நூறு படங்களுக்கு மேல் நடித்தது. 1920களில் அந்தக் கூட்டத்திலேயே ரசிகர்களின் செல்லம் அவன்தான். எப்படிப்பட்ட செல்லம்? ஆண் குழந்தைக்குக் கிழிந்த கவுன் போட்டார்கள். தலைமுடியைச் சின்னச் சின்னப் பின்னலாகப் பிரித்து ரிப்பன் கட்டினார்கள். பையனா பெண்ணா என்று பார்வையாளர்கள் குழம்புவதே ஒரு வேடிக்கை ஆயிற்று. இந்தத் தோற்றம் மெக்கோவன் கண்டுபிடித்ததல்ல. 1852இல் வந்த ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ நாவலின் அடிமைச் சிறுமி டாப்ஸி, வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு ஆடிய மேடைகளில் கோமாளியாக்கப்பட்டாள். அந்த வேடத்தைத்தான் 70 ஆண்டு கழித்து இந்தக் குழந்தைக்கு மாட்டினார்கள். 1926இல் பிள்ளைகள் அதே நாடகத்தைக் கொட்டகை போட்டு நடிப்பதாகவே ஒரு படம் வந்தது.

பயம்தான் ஃபரினாவின் தொழில். பேய் என்றால் பயம், இருட்டென்றால் பயம், கல்லறை என்றால் பயம். கண் பிதுங்கும், பின்னல்கள் குத்திட்டு நிற்கும், தியேட்டர் சிரிக்கும். 1928இல் வந்த ‘ஸ்பூக் ஸ்பூஃபிங்’ படத்தின் கதையே இதுதான்: கூட்டாளிகள் எல்லோரும் சேர்ந்து ஃபரினாவைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துக் கதிகலங்க அடிக்கிறார்கள். வெள்ளைப் பிள்ளைகளும் திரையில் பயப்படுவார்கள். ஆனால் அவர்கள் பயப்படுவது பிள்ளைகள் என்பதால், வளர்ந்தால் தெளிந்துவிடும். ஃபரினா பயப்படுவது கறுப்பன் என்பதால். அந்தப் படங்களில் வருகிற கறுப்புப் பெரியவர்களும் அப்படியேதான் கண் பிதுங்கி ஓடுகிறார்கள். இடையில் வரும் எழுத்து அட்டைகளையும் படித்துப் பாருங்கள். வெள்ளைப் பிள்ளைகளின் அட்டையில் மழலைப் பிழை இருக்கும். கறுப்பர்களின் அட்டையில் மட்டும் கொச்சை, சிறுசுக்கும் அதே கொச்சை, தாய் தகப்பனுக்கும் அதே கொச்சை. தர்பூசணியையும் வறுத்த கோழியையும் வைத்து எடுத்த நகைச்சுவைகளை இங்கே விவரிக்க எங்களுக்கு மனமில்லை.

திரைக்கு வெளியே என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கத்தான் வேண்டும். ரோச் எர்னியோடு ஒப்பந்தம் போட்ட 1919இல், சிகாகோவில் யூஜின் வில்லியம்ஸ் என்ற 17 வயதுக் கறுப்புப் பையன் ஏரியில் மிதந்து விளையாடிக்கொண்டிருந்தான். தண்ணீரில் கோடு கிடையாது. ஆனாலும் வெள்ளையர் பக்கம் வந்துவிட்டான் என்று கரையிலிருந்து கல்லெறிந்தார்கள், மூழ்கிச் செத்தான். முதல் ‘அவர் கேங்’ படம் வந்த 1922இல், கறுப்பர்களைக் கும்பலாகக் கொல்வதற்கு எதிரான டயர் மசோதா கீழவையில் நிறைவேறியது. தென் மாநில செனட்டர்கள் பேசிப்பேசியே அதே ஆண்டு இறுதியில் மேலவையில் அதைச் சாகடித்தார்கள். இப்படியொரு சட்டம் கடைசியில் வந்தது 2022இல். நூறு வருடம்!

அந்தச் சமயத்தில்தான், 1923இல், ‘லாட்ஜ் நைட்’ வந்தது. கு க்ளக்ஸ் க்ளான் கொலைக் கும்பலைப் பகடி செய்து பிள்ளைகள் ஒரு ரகசியச் சங்கம் தொடங்குகிறார்கள். கோழி கொக்கரிப்பதுபோல அதற்குப் பெயர். கறுப்புப் பிள்ளைகளும் அதில் உறுப்பினர்கள். துணிச்சலான பகடி என்று இதைக் கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டே ஆண்டில், 1925 ஆகஸ்டில், அதே க்ளான் பல்லாயிரம் பேரோடு வெள்ளை அங்கி போட்டு வாஷிங்டன் நகரத்தின் நடுவே பட்டப்பகலில் ஊர்வலம் போனது. பகடி யாரைக் கோபப்படுத்தியது? கொலைகாரனின் அங்கியைக் கோழிக்குஞ்சு விளையாட்டாக்கினால் அவனுக்கு என்ன நட்டம்? அங்கியைக் கண்டு நடுங்கியவர்களுக்குத்தான் அது விளையாட்டாக இருந்திருக்காது.

எங்கள் வழக்கு இதுதான். குறும்பு என்பது ஒரு சலுகை. மிக்கி ஜன்னலை உடைத்தால் துடுக்குத்தனம், கன்னத்தைக் கிள்ளத் தோன்றும். அதே கல்லைத் திரைக்கு வெளியே ஒரு கறுப்புப் பையன் எறிந்தால் கதை வேறு. அதனால்தான் திரையிலும் ஃபரினா கல்லெறிவதைவிட அலறி ஓடுவதே அதிகம். பள்ளிக்கூடத் தண்ணீர்ப் பானையைத் தொட்டதற்காகப் பிள்ளைகள் அடிவாங்கிய சமூகம் நாங்கள். எங்கள் பிள்ளை வாழைத்தாரில் ஒரு பழம் பறித்தால் அது திருட்டு. ஊர்த்தெருப் பிள்ளை பறித்தால் அது வால்தனம். கலிஃபோர்னியாவையும் எங்கள் சேரியையும் ஒன்று என்று சொல்லவில்லை. ஆனால் இந்தச் சிரிப்பின் வாடை எங்களுக்குத் தெரிந்த வாடை. கறுப்பு நிறத்தைக் காட்டினாலே தியேட்டர் சிரித்துவிடும் என்று நம்பித் தமிழ்ப் படங்களில் எழுதிய நகைச்சுவைகள் கொஞ்சநஞ்சமா?

உடனே இரண்டு பதில்கள் வரும். ஒன்று, எர்னி மாரிசனே வயதான காலத்தில், அந்த ஸ்டூடியோவில் தன்னை யாரும் வேறுபடுத்தி நடத்தவில்லை என்று நன்றியோடு பேசினாரே என்பது. பேசினார். அவர் சொன்னதை நாங்கள் நம்புகிறோம். கூலியும் சாப்பாடும் மரியாதையும் அவருக்கு ஸ்டூடியோவில் கிடைத்திருக்கும். எங்கள் கேள்வி ஸ்டூடியோவைப் பற்றியதல்ல, திரையைப் பற்றியது. அந்தக் குழந்தைகள்மேல் எங்களுக்கு ஒரு புகாரும் இல்லை. ஹாஸ்கின்ஸின் கணக்குப் பிசகாத முகபாவத்துக்கு இணையாக அந்தக் கூட்டத்தில் இன்னொரு பிள்ளை கிடையாது. இவ்வளவு திறமையான குழந்தையிடம் வாங்கியது அலறல் மட்டுமா என்பதே ஆத்திரம்.

இரண்டாவது பதில், ‘அந்தக் காலம் அப்படி’ என்பது. எந்தக் காலம்? 1920 ஜனவரியில் டு பாய்ஸ், 1946இல் அம்பேத்கர் கடிதம் எழுதினாரே அதே டு பாய்ஸ், ‘தி பிரவுனீஸ் புக்’ என்று கறுப்புக் குழந்தைகளுக்காகவே மாத இதழ் தொடங்கினார். ஜெஸ்ஸி ஃபாசெட் அதை நடத்தினார். பள்ளிக்குப் போகிற, வாசிக்கிற, நன்றாக உடுத்தியிருக்கிற கறுப்புப் பிள்ளைகளின் புகைப்படங்கள் அதில் வந்தன. பையன் பருவத்து லாங்ஸ்டன் ஹியூஸ் அதில் எழுதினார். 24 இதழ்களோடு, 1921 டிசம்பரில் பணமில்லாமல் நின்றது. ஒன்பதே மாதத்தில் ‘அவர் கேங்’ வந்து 22 ஆண்டு ஓடியது. கறுப்பு இயக்குநர் ஆஸ்கர் மிஷோ 1920லேயே ‘விதின் அவர் கேட்ஸ்’ எடுத்துக் கும்பல் கொலையைத் திரையில் காட்டினார். அந்தப் படம் பல பத்தாண்டுகள் காணாமல் போய், கடைசியில் ஸ்பெயினில்தான் ஒரு பிரதி அகப்பட்டது. ஆக, காலம் இரண்டு விதமாகவும் பார்த்தது. காசு எந்தப் பார்வைக்குப் போனது என்பதுதான் விஷயம்.

இந்தப் படங்களின் மறுவாழ்வையும் பாருங்கள். 1955இல் பேசும்படங்கள் ‘லிட்டில் ராஸ்கல்ஸ்’ என்ற பெயரில் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு வந்தன. குட்டிப் போக்கிரிகள் என்று நாடே கொஞ்சியது. அதே 1955 ஆகஸ்டில், மிசிசிப்பியில், வெள்ளைக்காரப் பெண்ணைப் பார்த்து விசிலடித்தான் என்று குற்றம்சாட்டி எம்மெட் டில் என்ற 14 வயதுப் பையனைக் கடத்திக் கொன்றார்கள். வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி கொலைகாரர்களை விடுவித்தது. பேச்சில்லாப் படங்களும் 1960 வாக்கில் துண்டாக்கப்பட்டு ‘குறும்புக்காரர்கள்’ என்ற தலைப்பில் வந்தன. பிறகு எதிர்ப்பு வலுத்தது. 1971இல் பேசும்படங்களை மறுபடி விற்ற கம்பெனி, நிறத்தை வைத்து வந்த கிண்டல்களைக் கத்தரித்துவிட்டது.

இந்தக் கத்தரியை நாங்கள் ஆதரிக்கவில்லை. வெட்டினால் யார் காணாமல் போகிறார்கள்? கிண்டல் எழுதியவன் காணாமல் போவதில்லை, அவன் பெயர் டைட்டிலில் இருக்கிறது. ஃபரினாவின் காட்சிதான் போகிறது. மிச்சமிருப்பது சுத்தமான வெள்ளைக் குழந்தைப் பருவம். சேரியை மறைத்துத் தட்டி கட்டிவிட்டு அமைச்சரை அழைத்துவருகிற வேலை இது.

அந்த ஊமைப்படங்களில் பெரும்பகுதி இன்று காப்புரிமை முடிந்து, யார் வேண்டுமானாலும் காட்டலாம் என்ற நிலையில் இருக்கிறது. குழந்தைகள் தினத்துக்கும் கோடை முகாமுக்கும் ‘கள்ளமில்லாச் சிரிப்பு’ என்று போஸ்டர் ஒட்டி இவற்றைத் திரையிட நினைக்கும் தோழர்களிடம் நேரடியாகவே கேட்கிறோம். ஒரு காட்சியையும் வெட்டாமல் போடுங்கள். அறிமுகத்தில் ஃபரினா என்று சொல்லாதீர்கள், ஆலன் ஹாஸ்கின்ஸ் என்று சொல்லுங்கள். பதினொரு வயதில் அந்த வேடத்தைக் கழற்றியவர், பின்னாளில் கலிஃபோர்னியாவில் மாற்றுத்திறனாளிகளின் மறுவாழ்வுக்காக வேலை பார்த்தார் என்பதையும், கறுப்பினத் திரைக்கலைஞர்கள் 1975இல் அவரைத் தங்கள் கௌரவப் பட்டியலில் சேர்த்தார்கள் என்பதையும் சொல்லுங்கள். ‘பிரவுனீஸ் புக்’ இதழ்களை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது. நாலு பக்கம் அச்செடுத்து, படம் தொடங்கும் முன் பிள்ளைகள் கையில் கொடுங்கள். பிறகு ஃபரினாவின் பின்னல் குத்திட்டு நிற்கும்போது முன்வரிசையில் யார் சிரிக்கிறார்கள், யார் சிரிக்கவில்லை என்று கவனியுங்கள்.