பூட்டிய அலமாரியும் திறந்த களஞ்சியமும்

மெட்டுகுடாவிலிருந்து கிழக்கே தார்நாகா சென்றால், உஸ்மானியாப் பல்கலைக் கழகமும், இந்திய ரசாயனத் தொழில்நுட்ப நிலையமும் அடுத்தடுத்து அமைந்திருக்கக் காணலாம். ஆராய்ச்சி இத்துணை அருகில் நடைபெறுகிறது. எனினும், அதன் முடிவு அயல்நாட்டுச் சஞ்சிகையில் வெளியாகுமாயின், அதன் சந்தாவைச் செலுத்த இயலாத அண்டைப் பள்ளி ஆசிரியருக்கு அது எட்டாக்கனியே. பொதுமக்களின் வரிப்பணத்தில் விளைந்த அறிவை மீண்டும் விலை கொடுத்து வாங்கச் சொல்வது எவ்வாறு நியாயமாகும்?

பல்கலைக் கழகந்தோறும் திறந்த டிஜிட்டல் களஞ்சியம் அமைப்பதே இதற்குப் பரிகாரம். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகம் 2002ஆம் ஆண்டிலேயே இதனைச் செய்து காட்டிற்று. அது கையாண்ட 'ஈபிரிண்ட்ஸ்' என்னும் மென்பொருள் இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் பல்கலைக் கழகத்தார் ஆக்கியது, இலவசமாகவே கிடைப்பது. ஆகவே, பணமில்லை என்ற சமாதானம் செல்லாது.

குறை வேறிடத்தில் உளது. களஞ்சியத்தைக் கட்டுவது எளிது, நிரப்புவதே அரிது. ஆராய்ச்சிப் பட்ட ஏடுகளின் மின்பிரதியை ஒப்படைத்தல் வேண்டுமெனப் பல்கலைக் கழக மானியக் குழு 2009இல் விதித்தது. 'சோத்கங்கா' களஞ்சியம் பெருகியதற்கு அவ்விதியே பெருந்துணை. சஞ்சிகைக் கட்டுரைகளோ பெரும்பாலும் ஆசிரியர்களின் நல்லெண்ணத்துக்கே விடப்பட்டுள்ளன. நல்லெண்ணம் உண்டு, நேரந்தான் இல்லை என்பர்! பட்டான்செருவிலுள்ள இக்ரிசாட் நிலையம் அவ்வாறு விடவில்லை. தன் விஞ்ஞானிகள் கட்டுரைகளைப் பொதுவில் வைத்தல் வேண்டுமென 2009இல் கட்டளையிட்டது. நிலக்கடலை, துவரை, கம்பு பற்றிய அதன் ஆய்வுகளை நம் களப்பணியாளர் கட்டணமின்றிப் படிக்க முடிகிறதென்றால், காரணம் அதுவே.

பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக் கழகம் ஒருபடி மேலே சென்றது. களஞ்சியத்தில் இல்லாத கட்டுரை பதவி உயர்வுக்குக் கணக்கில் கொள்ளப்படாது என்றது. கடுமையான விதிதான். ஆயினும் நம் பல்கலைக் கழகங்களுக்கும் இதுவே ஏற்றது என்பது என் துணிபு.

பதிப்புரிமை தடுக்குமே எனச் சிலர் அஞ்சுவர். அச்சான வடிவத்தை வைக்க இசையாத பதிப்பகத்தாருள்ளும் பலர், ஆசிரியரின் இறுதிக் கைப்பிரதியை வைக்க இசைகின்றனர். சிலர் ஓராண்டு வரை பொறுக்கச் சொல்வர். அதுவரை கட்டுரையின் தலைப்பும் சுருக்கமும் மட்டும் வெளியில் தெரியும். இத்தகைய களஞ்சிய மென்பொருள்களில் 'பிரதி கோருக' என்றொரு பொத்தானும் அமைக்கலாம். வாசகர் அதனை அழுத்தினால் கோரிக்கை நேரே கட்டுரை ஆசிரியரைச் சென்றடையும். அவர் இசைந்தால் பிரதி வந்து சேரும்.