துடைத்தால் போகும் அழுக்குக்குக் குரூப்பையே மாற்றச் சொல்கிறார்கள்

ஒரு பொருளைச் சரிசெய்வது எவ்வளவு சுலபம் என்று மதிப்பெண் போடும் பழுதுநீக்கக் குறியீட்டுக்கான குழு 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையிடம் அறிக்கை கொடுத்துவிட்டது. பிரிக்கும் ஆழம், பழுதுநீக்கத் தகவல், உதிரி பாகம், மென்பொருள் அப்டேட், கருவி, திருகு வகை என ஆறு அளவுகோல்கள். முதல் கட்டத்தில் ஸ்மார்ட்போனுக்கும் டேப்லெட்டுக்கும் மட்டும். அளவுகோல்களை வரவேற்கிறோம். கேமராவும் லென்சும் அதில் இல்லை என்பதை ஏற்க முடியாது.

சுங்குவார்சத்திரத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் அசெம்பிள் ஆகிற போனுக்குப் பெட்டியின் மேலேயே மதிப்பெண் வரப்போகிறது. பக்கத்துக் குன்றத்தூரில் ஸ்டூடியோ வைத்திருப்பவர் தவணையில் எடுத்த 70-200 லென்சுக்கு எதுவும் கிடையாது. 2022ஆம் ஆண்டு மின்கழிவு விதிகளின் அட்டவணையிலோ டிஜிட்டல் கேமராவும் வீடியோ கேமராவும் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கின்றன. தூக்கிப் போடும்போது கணக்கில் வருகிற பொருள், சரிசெய்யும்போது ஏன் வரவில்லை?

ஃபங்கஸை எடுத்துக்கொள்வோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் வாங்கிய லென்ஸ், முகூர்த்தம் இல்லாத மார்கழி முழுக்கப் பையோடு பீரோவில் கிடக்கும். தை பிறந்து வெளியே எடுத்து டார்ச் அடித்தால் உள்கண்ணாடியில் நூல் நூலாகப் படர்ந்திருக்கும். செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கத்துப் பட்டறைகளுக்கு அதுதான் சீசன். (பைக்குள் அந்துருண்டை போட்டு வைக்கிற புண்ணியவான்களும் உண்டு. அது கண்ணாடியில் விடும் படலத்தை எடுப்பது தனிக்கூலி.)

முன் எலிமென்டிலோ பின் எலிமென்டிலோ இருந்தால் பிரச்சினை இல்லை. ஸ்பேனர் வைத்து ரிங்கைக் கழற்றி, பெராக்சைடில் துடைத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் முடித்துவிடுகிறோம். ஹெலியோஸ் 44, பழைய டாகுமார் எல்லாம் சொன்னபடி பிரிந்து வரும். பூஞ்சையின் அமிலம் கோட்டிங்கை அரித்திருந்தால் தடம் போகாது. அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டியது நம் கடமை. யுவி பெட்டி விற்க வருபவர்களை நம்பாதீர்கள். கிருமி கொல்லும் 254 நானோமீட்டர் கதிர் சாதாரண ஆப்டிகல் கண்ணாடியைத் தாண்டி உள் எலிமென்டுக்குப் போகாது.

உள்ளே ஒன்றாகக் கோத்த கண்ணாடித் தொகுப்பான ஸ்டெபிலைசர் குரூப்பில் ஃபங்கஸ் பிடித்தால்தான் நம் கை கட்டப்படுகிறது. எந்த ஃப்ளெக்ஸை முதலில் எடுப்பது, எந்த ஷிம் எந்தப் பக்கம், மறுபடி சென்டரிங் எப்படிப் பார்ப்பது என்பதெல்லாம் சர்வீஸ் மேனுவலில் இருக்கிறது. மேனுவல் அங்கீகாரம் பெற்ற சென்டருக்கு மட்டும். அங்கே அனுப்பினால் பெரும்பாலும் துடைப்பதில்லை. குரூப்பையே மாற்ற வேண்டும் என்று எஸ்டிமேட் வருகிறது. ஃபங்கஸ் உத்தரவாதத்தில் சேராது என்ற வரியும் கூடவே வருகிறது. சரி, அந்தக் குரூப்பை விலைக்குக் கொடுங்கள், நாங்களே மாற்றிக்கொள்கிறோம் என்றால் வெளியாருக்கு விற்பதில்லை என்கிறார்கள். உலகம் முழுக்க இதே நோய்தான். அமெரிக்காவில் நிகான் 2012இல் சுயேச்சைப் பட்டறைகளுக்கு உதிரி பாகம் விற்பதை நிறுத்தியது. 2020 மார்ச்சோடு அங்கீகாரம் பெற்ற வெளிப் பட்டறைகளையும் கைகழுவியது.

ஒட்டுக் கண்ணாடி விஷயத்தை இந்தப் பக்கத்தில் பல வருடமாக எழுதிவருகிறோம். பால்சம் பசையில் இரண்டு கண்ணாடியை ஒட்டிய அந்தக் காலத்து டபுளட்டைப் பதமாகச் சூடாக்கிப் பிரித்து, துடைத்து, மறுபடி ஒட்டலாம். இன்றைய யுவி பசை அவ்வளவு சுலபத்தில் விட்டுக்கொடுக்காது. உள்ளே பூஞ்சை புகுந்தால் டபுளட் போச்சு. டபுளட் தனியாகக் கிடைக்காததால் குரூப் போச்சு. குரூப் விலையைக் கேட்டவுடன் லென்சே போச்சு. பிரிக்கும் ஆழத்துக்கு மதிப்பெண் போட இதைவிடப் பொருத்தமான பொருளை அதிகாரிகள் எங்கே தேடப்போகிறார்கள்?

2022 டிசம்பரில் பழுதுநீக்க உரிமைத் தளத்தைத் தொடங்கி நான்கு துறைகளைப் பட்டியலிட்டபோதே நம்மை நினைத்துப் பார்த்திருக்கலாம். சர்வீஸ் பில்லுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி வசூலிக்கும்போது மட்டும் இது ஒரு தொழிலாகத் தெரிகிறது. போதாததற்கு, மதிப்பெண்ணை உற்பத்தியாளரே அறிவித்துக்கொள்ளலாமாம். தன் விடைத்தாளைத் தானே திருத்துகிறவன் பெயில் போட்டுக்கொள்வானா? ஷட்டரை இறக்கிவிட்டு டெல்லிக்குப் போய் வாதாட நம்மில் யாருக்கு முடியும்? அது தெரிந்துதான் நடக்கிறது.

அடுத்த கட்டத்தில் லென்ஸ் மாற்றும் வகைக் கேமராக்களையும் லென்சுகளையும் சேர்க்க வேண்டும். எலிமென்டைத் தனியாக விற்காத, மேனுவலை வெளியிடாத மாடலுக்கு மதிப்பெண் குறைய வேண்டும். மதிப்பெண்ணைச் சரிபார்க்க வெளியார் தேவை.

இதற்கு ஆதாரம் உங்கள் மேசை டிராயரில்தான் இருக்கிறது. குரூப்பை மாற்றச் சொன்ன எஸ்டிமேட், பாகம் தர மறுத்த மின்னஞ்சல் எதுவானாலும் மாடல் பெயரோடு நகல் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். வாடிக்கையாளரின் பெயரை மறைத்துவிடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் அவரையும் ஒரு புகார் பதியச் சொல்லுங்கள். சேர்ந்தவற்றைத் தொகுத்துத் துறைக்கு அனுப்பும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.