மேசைமேல் ஒரு படை

சிற்றுருவ வீரர்களை மேசையில் நிறுத்திப் பகடை உருட்டிப் போரிடும் விளையாட்டிற்கு எப்படையைத் தெரிந்துகொள்வது? திண்டிவனத்தை அடுத்த வந்தவாசியையே நாம் பரிந்துரைப்போம். 1760 சனவரி 22இல் அயர் கூட்டின் ஆங்கிலப் படை அங்கே லாலியின் பிரெஞ்சுப் படையை முறியடித்தது. பிள்ளைகள் வென்றவர் பக்கமே ஓடுவர். நமக்கோ லாலியின் படைமீதே நாட்டம். பிரெஞ்சு அணியில் வெடிமருந்து வண்டி வெடித்தது, தளபதி புஸ்ஸி சிறைப்பட்டார். இவை நேராதிருந்தால்? அதை ஆடிப் பார்க்கலாமே!

ஒரு பொம்மை ஐம்பது வீரருக்கு ஈடென்று கொள்ளுங்கள். முதலில் பன்னிரண்டு போதும். அவற்றிற்கு வண்ணந்தீட்டி முடிக்குமுன் அடுத்ததை வாங்கலாகாது. (குடில் பொம்மைக்கு வாங்கிய வண்ணத்தில் மிச்சமிருக்குமே!) அப்பன்னிரண்டில் பாதியேனும் சிப்பாய்களாகட்டும். இரு அணியிலும் நின்று மடிந்த நம் நாட்டவர் அவர்கள். ஐரோப்பியரை மட்டும் நிறுத்தினால் அது வந்தவாசி ஆகாது.