நந்தி மலை மூடுபனியும் நம் ஸ்டிட்சிங்கும்

ஜனவரிக் கடைசியில் நந்தி மலையில் சூரியன் எழ 6.45 ஆகிவிடும். அதற்கு அரை மணி முன்பே கிழக்கு விளிம்பில் முக்காலிகள் வரிசை கட்டிவிடுகின்றன. அந்த அரை மணியையும் நம்மில் பலர் லென்ஸ் சுழலவேண்டிய நோடல் புள்ளியைச் சரிபார்ப்பதிலேயே கழிக்கிறோம். நம் கவலை தப்பான இடத்தில் இருக்கிறது என்பதே என் கட்சி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் கேமரா, 200 மி.மீ. லென்ஸ், கேமரா செங்குத்தாக. ஒரு சட்டகத்தின் அகலம் சுமார் 6.9 பாகை, பாகைக்கு 580 பிக்சல். முக்காலி ஹெட்டை 5 பாகைக்கு ஒரு கிளிக் என்று திருப்பினால் 180 பாகைக்கு 37 சட்டகங்கள். சுழலும் அச்சு நோடலிலிருந்து 8 செ.மீ. தள்ளியே இருக்கட்டும், ஒவ்வொரு கிளிக்குக்கும் லென்ஸ் 7 மி.மீ. நகரும். இரண்டு மீட்டர் எதிரே நிற்கும் கம்பித் தடுப்பில் அது 115 பிக்சல் பிசகு. ஐந்து கிலோமீட்டர் தள்ளி நிற்கும் ஸ்கந்தகிரியிலோ பிக்சலில் இருபதில் ஒரு பங்குதான். கம்பி சட்டகத்துக்குள் வராதபடி நின்றுகொண்டால் தீர்ந்தது.

மூடுபனி அப்படியல்ல. இரண்டு கிலோமீட்டர் தொலைவில், நம் பார்வைக்குக் குறுக்கே விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஊர்கிற பனி, சட்டகத்துக்குச் சட்டகம் 3 விநாடி இடைவெளி விட்டால் 100 பிக்சல் நகர்ந்திருக்கும். அதன் விளிம்பு பளிச்சென்று இருப்பதால் ஸ்டிட்சிங் மென்பொருள் அங்கேயே, சட்டகங்களை இணைக்கும் கன்ட்ரோல் பாயிண்டுகளைக் கொத்தாகப் போடும். பொருத்தம் சரிதான், ஆனால் பொருள் இடம் மாறிவிட்டது. அந்தப் புள்ளிகளை நம்பினால் பனி ஒட்டிக்கொள்ளும், மலை முறியும். ஹகினோ பிடிகியுஐயோ, எந்த மென்பொருளானாலும், பனியில் விழுந்த புள்ளிகளைக் கையால் அழித்துவிட்டுப் பாறை விளிம்பிலும் கோபுரத்திலும் மறுபடி வையுங்கள். அலுப்பான வேலை, வேறு வழி கிடையாது.

பனியும் வானமும் மட்டுமே உள்ள சட்டகத்தில் புள்ளி வைக்கவே இடமிருக்காது. அங்கே ஹெட்டின் கிளிக் கோணத்தை எண்ணாகவே உள்ளிட வேண்டும். 1804-இல் நில அளவையாளர் லாம்டனின் குழு பெங்களூருக்கு அருகே அடிக்கோடு அளந்தபோது, குன்று உச்சிகளைப் பிணைத்ததும் இதுபோல் கோணங்களை நம்பித்தான். அந்தக் கோணம் சரியாக அமைய, ஹெட்டின் அடித்தளத்தை மட்டம் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். மேலே கேமராவை மட்டும் நேராக்கினால் அடிவானம் அலை அலையாக வளையும்.

பிராக்கெட்டிங் எனக்கு உடன்பாடில்லை. மூன்று எக்ஸ்போஷர் எடுத்தால் நேரமும் கூடும், பனியின் ஓட்டமும் கூடும். எக்ஸ்போஷரையும் ஒயிட் பேலன்ஸையும் பூட்டி, சூரியன் பக்கத்து வெளிச்சத்துக்கு அளந்து, ரா (RAW) கோப்பாக ஒரே மூச்சில் 37-ஐயும் எடுங்கள். போலரைசரைக் கழற்றிவிடுங்கள், இவ்வளவு அகலத்தில் வானம் சீரில்லாமல் கருத்துப்போகும்.

முடிந்த படம் 1,04,000 பிக்சல் அகலம் வரும். ஜேபெக்கின் எல்லை 65,535, பிஎஸ்டியின் எல்லை 30,000. பிஎஸ்பி அல்லது பிக்டிஃப் ஆகச் சேமியுங்கள்.

நமக்கு வரும் படங்கள் சிலவற்றில் ஓட்டத்தால் இரட்டித்த பனியைக் குளோன் செய்து மறைத்திருப்பது தெரிகிறது. அடுத்த இதழ் முதல் பனோரமாவோடு முதல் சட்டகமும் கடைசிச் சட்டகமும் எடுத்த நேரத்தையும், ஒட்டாத மூலக்கோப்புகளையும் அனுப்பக் கேட்கிறோம். பனி எந்தச் சட்டகத்தில் எங்கே நின்றது என்பதும் அந்தக் காலையின் பதிவுதான்.