பொட்டாசியம் வேடத்தில் பேரியம்... காட்டிக்கொடுக்கும் ‘விளக்கு’ மூலக்கூறு!

வாணவேடிக்கையில் பச்சை நிறம் எங்கிருந்து வருகிறது? பேரியம் என்ற உலோகத்தின் உப்பிலிருந்து. பச்சை வண்ணத்துக்கு மட்டுமல்ல, கம்பி மத்தாப்பு எரிவதற்கும் பேரியம் நைட்ரேட் கைகொடுத்தது. விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரப் பட்டாசு ஆலைகளில் பல ஆண்டுகள் புழங்கிய உப்பு இது. 2018 அக்டோபர் 23-ம் தேதி, பட்டாசில் பேரியம் உப்புகளைச் சேர்க்க உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2021-ல் அதை மீண்டும் உறுதிசெய்தது.

அப்படி என்ன செய்துவிடும் பேரியம்?

நம் செல்களில் பொட்டாசியம் அயனி வந்துபோவதற்கென்றே நுண்ணிய வாசல்கள் இருக்கின்றன. தசைகள் இயங்கவும் இதயம் சீராகத் துடிக்கவும் இவை ஒழுங்காகத் திறந்து மூட வேண்டும். பொட்டாசியம் அயனியின் ஆரம் சுமார் 138 பிகோமீட்டர். பேரியம் அயனிக்கு 135. ஒரு மீட்டரை லட்சம் கோடி பங்காக்கினால் ஒரு பங்குதான் பிகோமீட்டர். ஆக, இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு.

அளவு ஒத்துப்போவதால் பேரியம் அந்த வாசலுக்குள் நுழைந்து, நகராமல் அடைத்துக்கொள்கிறது. வெளியே வர வேண்டிய பொட்டாசியம் செல்லுக்குள்ளேயே சிக்கிக்கொள்ள, ரத்தத்தில் அதன் அளவு சரிகிறது. பேரியம் அதிகமாக உடலுக்குள் போனால் தசைகள் தளரும், இதயத்துடிப்பு தாறுமாறாகும்.

‘எக்ஸ்ரே எடுக்கும் முன் மருத்துவமனையிலேயே பேரியம் குடிக்கக் கொடுக்கிறார்களே?’ என்று கேட்கலாம். அது பேரியம் சல்பேட். தண்ணீரில் கரையாது, அப்படியே வெளியேறிவிடும். பேரியம் நைட்ரேட்டோ கரையக்கூடியது. கரைந்த பிறகு நிறம் இருக்காது, பார்த்தால் வெறும் தண்ணீர்தான்.

கண்ணுக்குத் தெரியாத அயனியை எப்படிப் பிடிப்பது? இந்தக் கேள்விக்கு அழகான விடைகள் தந்தவர்களில் ஒருவர், அமில்ரா பிரசன்ன டி சில்வா. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் படித்து, பின்னர் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர்.

அவர் வளர்த்தெடுத்த மூலக்கூறு உணரிக்கு மூன்று பாகங்கள். ஒரு முனையில் அயனியைப் பிடிக்கும் ‘கை’, மறுமுனையில் ஒளிரும் ‘விளக்கு’, நடுவில் சின்னப் பாலம். கை காலியாக இருந்தால், அதிலிருந்து ஓர் எலக்ட்ரான் தாவிவந்து விளக்கை அணைத்துவிடும். அயனி வந்து கையில் அமர்ந்துவிட்டால் எலக்ட்ரானால் தாவ முடியாது. அப்போது ஒளியைப் பாய்ச்சினால் விளக்கு பளிச்சென எரியும்.

இந்த உத்தியில் பிறந்த உணரிகள், ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், கால்சியம் அளக்கும் மருத்துவக் கருவிகளுக்குள்ளும் போய்ச் சேர்ந்தன.

பேரியத்துக்கும் இப்படி ஒரு விளக்கு உண்டு. நியூட்ரினோ ஆய்வுக்காக, ஸ்பெயின் விஞ்ஞானிகள் முன்னின்று உருவாக்கிய மூலக்கூறு ஒன்று 2020-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. தனியே இருந்தால் பச்சையாக ஒளிரும் அது, பேரியத்தைப் பிடித்ததும் நீலமாக ஒளிர்கிறது.

அதை அப்படியே சிவகாசிக்குக் கொண்டுவந்துவிட முடியாது. அது செனான் வாயு நிரம்பிய கருவிக்காக வடிவமைக்கப்பட்டது. கிணற்றுத் தண்ணீரிலோ கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் என்று எல்லாம் கலந்திருக்கும். அந்தக் கூட்டத்தில் பேரியத்தை மட்டும் பிடிக்கும் கை வேண்டும். உடலையே ஏமாற்றும் வேடதாரியை ஒரு மூலக்கூறு அடையாளம் காண வேண்டும் என்பதுதான் சவால்.

இன்று பேரியத்தைத் துல்லியமாக அளக்க ஆய்வகமும் விலை உயர்ந்த கருவிகளும் தேவை. பட்டாசு மூலப்பொருட்களைப் பரிசோதிக்க, மத்திய அரசின் நீரி நிறுவனம் 2019-ல் சிவகாசியிலேயே ஒரு மையத்தைத் தொடங்கியது. குடிநீரில் லிட்டருக்கு 0.7 மில்லிகிராம் பேரியத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம்.

ஆனால், மருந்து கலக்கும் அறையில் நிற்கும் தொழிலாளி, கையில் இருக்கும் பொடி எது என்று அந்த நிமிடமே தெரிந்துகொள்ள வேண்டியவர். வீட்டுக் கிணற்றில் நீர் இறைப்பவரும் அப்படித்தான். ஒரு காகிதப் பட்டையை நனைத்தால் நிறம் மாறிச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பட்டை வரும் நாளில், பேரியத்தின் வேடம் தொழிலாளியின் கண்ணெதிரிலேயே கலைந்துவிடும்.